ஆக்சலாட்டலுக்கு உடம்பு சரியில்லை என்றால்

தெரிந்தவர்கள் சிலர், தொட்டித் தண்ணீரில் வளர்க்கும் ஆக்சலாட்டல் என்ற நாலு கால் பிராணியின் படத்தை எனக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். மங்கலான படம். தொட்டிக் கண்ணாடியில் செல்போன் வெளிச்சம் பட்டுத் தெறித்திருக்கும், நடுவில் வெளிறிப்போன ஓர் உருவம் தெரியும். கூடவே ஒரே கேள்வி: “என்ன மருந்து போடலாம்?” பதிலுக்கு நான் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான். தண்ணீர் எத்தனை டிகிரி, அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு? பாதிப் பேருக்கு இது எரிச்சலாக இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வந்தால், வீட்டுக் கூரை ஓடா தகரமா என்று விசாரிப்பதுபோல் தோன்றும்போல.

ஆனால் இந்த விலங்கைப் பொறுத்தவரை கூரையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நோய் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி தண்ணீரில்தான் தொடங்குகிறது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பல வருடம் ஆக்சலாட்டல் வளர்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெரிந்திருப்பது சுலபம், கண்ணெதிரே ஒரு ஜீவன் தின்னாமல் கிடக்கும்போது எதையாவது ஊற்றிவிடக் கை பரபரக்கும் பாருங்கள், அந்தக் கையைக் கட்டிப்போடுவதுதான் கஷ்டம்.

முத்து என்னிடம் வந்ததே நோயோடுதான். வேலை மாறிப் போகும் நண்பர் ஒருவர், “கொஞ்ச நாள் பாத்துக்கிறியா?” என்று கேட்டுத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தார். முத்து என்று பெயர் வைத்தது அவருடைய மகள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது ‘அவன்’. வளர்ந்த ஆணுக்குப் பின்னங்கால்களை ஒட்டி, வால் தொடங்கும் இடத்தில் நன்றாகப் புடைத்திருக்கும். முத்துவுக்கு அது இல்லை. ஆக, அவள். வெள்ளை உடம்பு, கறுப்புக் கண், இளஞ்சிவப்புச் செவுள். லூசிஸ்டிக் என்று சொல்லும் வகை. படங்களில் நீங்கள் அதிகம் பார்த்திருப்பது இதைத்தான்.

செவுள் இளஞ்சிவப்பு என்றேன், அது இருந்திருக்க வேண்டிய நிறம். வந்தபோது வெளிறிப்போய் இருந்தது. ஆக்சலாட்டலுக்குத் தலையின் இருபுறமும் மும்மூன்று செவுள் தண்டுகள் உண்டு. தண்டு நெடுகிலும் மெல்லிய இழைகள் அடர்ந்திருக்கும். முத்துவின் தண்டுகளில் இழை பாதி உதிர்ந்திருந்தது, மிச்சமிருந்த நுனிகளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் ஏதோ இருந்தது. தண்டுகள் பின்னோக்கித் தளர்ந்து கிடக்காமல் முகத்தைப் பார்த்து முன்னால் வளைந்திருந்தன. வால் நுனி கொக்கிபோல் மடங்கியிருந்தது. மண்புழுவை மூக்குக்கு நேரே ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த அடையாளங்களைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆரோக்கியமான ஆக்சலாட்டலும் நாளில் பெரும்பகுதி அசையாமல்தான் கிடக்கும். நாய்க்கு உடம்பு முடியாவிட்டால் முனகும், பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இது முனகாது, கண் இமைக்காது (இமையே கிடையாது), முகத்தில் எப்போதும் சிரிப்பு. வாய் அமைப்பு அப்படி. செத்துக்கொண்டிருக்கும்போதும் சிரித்த முகமாகவே இருக்கும் ஒரு பிராணியை வளர்ப்பவர், முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. செவுள் எந்தப் பக்கம் வளைகிறது, வால் நுனி நேராக இருக்கிறதா, கால்கள் தரையில் ஊன்றியிருக்கின்றனவா, காற்றை விழுங்க மேலே போவது வழக்கத்தைவிட அதிகமாகிவிட்டதா, தொட்டிக்குள் எதிலோ இடித்துக்கொள்வதுபோல் திடீரென்று வெறிபிடித்து நீந்துகிறதா, இவைதான் அதற்குத் தெரிந்த பாஷை. செவுள் வளைவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம் வேகமாக இருந்தாலும் செவுள் முன்னால் வளையும். அப்போது நோயே இல்லை, குழாயின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

தண்ணீருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், இந்த உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் சரியான வேலி கிடையாது. ஆக்சலாட்டல் மீன் இல்லை. சாலமாண்டர் இனம், தவளையைப்போல நீர்நில வாழ்வி. மற்ற சாலமாண்டர்கள் பல வளர்ந்ததும் செவுளை உதிர்த்துக் கரையேறும். இது கடைசிவரை லார்வா (குஞ்சுப் பருவ) உருவத்திலேயே இருந்து, அப்படியே இனப்பெருக்கமும் செய்துவிடும். செவுளால் மூச்சு விடும், நுரையீரலாலும் விடும், தோலாலும் விடும். செதில் இல்லாத அந்த மெல்லிய தோல் ஆக்சிஜனை மட்டும் பொறுக்கி உள்ளே விடாது. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதுவும் உள்ளே போகும். போதாக்குறைக்கு இது தன் கழிவையும் அம்மோனியாவாக அதே தண்ணீரில்தான் விடுகிறது. பருத்த மண்புழுக்களைத் தின்று செரிக்கும் பிராணி. சின்ன மீன்களோடு ஒப்பிட்டால் தொட்டியை அழுக்காக்குவதில் பல மடங்கு தேர்ந்தது.

நண்பரின் தொட்டி நீரைச் சோதித்துப் பார்த்தேன். திரவம் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைக் கிட்டில் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்கும், இருந்தால் பச்சையாகும். எனக்கு நல்ல பசும்பச்சை. அந்த அம்மோனியாவைப் பாக்டீரியா மாற்றுவதால் உண்டாகும் நைட்ரைட்டின் குப்பி ஊதா, அதுவும் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டுமே பூஜ்யமாக இருக்க வேண்டியவை. ‘கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை’ என்பது இங்கே இல்லை. அம்மோனியா செவுளையும் தோலையும் அரிக்கும். நைட்ரைட் ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஆக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் விலங்குக்கு மூச்சு முட்டும். மூன்றாவது ஆள் நைட்ரேட். அவ்வளவு கொடியது இல்லை. 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வைத்துக்கொண்டால் நல்லது, 40ஐத் தாண்ட விடக் கூடாது. (நைட்ரேட் சோதனையில் இரண்டாவது புட்டியை நன்றாக அடித்துக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். நைட்ரேட் இல்லவே இல்லை என்று சந்தோஷப்படுபவர்களில் பலர் புட்டியைக் குலுக்காதவர்கள்.)

அம்மோனியா எண்ணைத் தனியாகப் பார்ப்பதிலும் பயனில்லை. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று கடும் நச்சு, மற்றது அவ்வளவு இல்லை. பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். 20 டிகிரி நீரில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு, பிஎச் 8 என்றால் நான்கு சதவீதத்தை நெருங்கும். வெப்பம் ஏறினாலும் அது கூடும். ஆகவே ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றில் விலங்கு தாங்கும், மற்றதில் செவுள் கருகும். “எங்க வீட்டுலயும் இதே அளவுதான், நல்லாத்தான இருக்கு?” என்பவருக்கு இதுதான் பதில்.

வெப்பம் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சலாட்டலின் பூர்வீகம் மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ நீர்நிலைகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குளிர்ந்த நீர் அதற்குப் பழக்கம் என்பதில் ஆச்சரியமில்லை. தொட்டியில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சுகம். 20 வரை சமாளிக்கும். 24ஐத் தொட்டு அங்கேயே நின்றால் நோய்க்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரிதான். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும்: 16 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம், 24 டிகிரியில் சுமார் 8.4. அதே வெப்பம் உடம்பின் வேகத்தைக் கூட்டி ஆக்சிஜன் தேவையை ஏற்றிவிடும். வரவு குறையும் நேரத்தில் செலவு கூடும். பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுவதும் அப்போதுதான். முத்துவின் பழைய தொட்டியில் தெர்மாமீட்டர் இல்லை. நான் வைத்துப் பார்த்தபோது 25 காட்டியது.

ஆக, மருந்தைப் பற்றி யோசிக்கும் முன்பே மூன்று காரணங்கள் கைக்குக் கிடைத்துவிட்டன. தொட்டியைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும், விலங்குக்கு அவ்வளவு நேரமில்லை. இதற்கு வளர்ப்பவர்கள் செய்வது, விலங்கைத் தனி டப்பாவுக்கு மாற்றுவது. பெரிய பிளாஸ்டிக் டப்பா, மூடியில் காற்றுக்குத் துளை, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, வேறொன்றும் வேண்டாம். ஃபில்டர் கிடையாது. அதற்குப் பதில் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். குளோரின் நீக்கிய தண்ணீர், பழைய தண்ணீரின் அதே வெப்பநிலையில். ராத்திரி பிடித்து வைத்துக் காலையில் ஊற்றினால் குளோரின் போய்விடும் என்பது ஓரளவு சரி. ஆனால் பல இடங்களில் குழாய்த் தண்ணீரில் குளோராமின் சேர்க்கிறார்கள். அது பிடித்து வைத்தால் போகாது, நீக்கும் திரவம் கட்டாயம் வேண்டும்.

25 டிகிரியிலிருந்து ஒரேயடியாக 17க்கு இறக்கிவிடவும் கூடாது. திடீர் மாற்றமும் அடிதான். பனிக்கட்டி உறைந்த பாட்டிலை மிதக்க விடும் வழக்கம் இருக்கிறது. அவசரத்துக்குச் சரி, ஆனால் கரையக் கரைய வெப்பம் ஏறி இறங்கி ஊஞ்சலாடும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை வீச விட்டால் ஆவியாதல் மூலம் இரண்டு மூன்று டிகிரி குறையும். அறையே சூடென்றால் தண்ணீரைக் குளிரவைக்கும் கருவியான சில்லர்தான் வழி. நான் முத்துவின் டப்பாவை வீட்டின் குளிர்ந்த மூலையில், தரையில், வெளிச்சம் படாமல் வைத்து, ஒவ்வொரு தடவை தண்ணீர் மாற்றும்போதும் ஒரு டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வந்தேன். தூக்குவதற்கு வலை பயன்படுத்தவில்லை. விரல்களும் செவுள் இழைகளும் வலைக் கண்ணில் மாட்டும். தண்ணீருக்குள்ளேயே ஒரு சின்னப் பாத்திரத்தை அடியில் கொடுத்து, நீரோடு சேர்த்து எடுப்பதுதான் வழக்கம்.

குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது என்று ஒரு வைத்தியம் உண்டு. 5 முதல் 8 டிகிரியில் டப்பாவோடு வைத்தால் உடம்பின் இயக்கமும் நுண்ணுயிர்களின் இயக்கமும் மெதுவாகும். பழைய வளர்ப்பாளர்கள் சத்தியம் செய்து பரிந்துரைப்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கிருமி மெதுவானால் அதை எதிர்க்கும் உடம்பும் மெதுவாகத்தானே ஆகும்? 17 டிகிரியில் சுத்தமான தண்ணீர் கொடுத்தால் தேறக்கூடிய ஒன்றைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் அடைப்பதற்கு, கவலைப்படும் நம் மனதை அமைதிப்படுத்துவதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த வெள்ளைப் பஞ்சு. பெரும்பாலும் இது சாப்ரோலெக்னியா வகை. பூஞ்சை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் பூஞ்சையைப் போலவே தோற்றமளிக்கும் நீர்வாழ் உயிர். எந்தத் தண்ணீரிலும் இருக்கும், நல்ல தோலில் வேர் பிடிக்காது. அம்மோனியா அரித்த செவுள் நுனியோ, சண்டையில் பட்ட காயமோ கிடைத்தால் அங்கே குடியேறும். இதற்குப் புகழ்பெற்ற வைத்தியம் உப்புக் குளியல்: அயோடின் சேர்க்காத உப்பு லிட்டருக்கு 2 முதல் 3 தேக்கரண்டி, அந்த நீரில் 10 நிமிடம், எந்தக் காரணத்துக்காகவும் 15ஐத் தாண்டாமல். பஞ்சு உதிரும், உண்மைதான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நன்னீர் விலங்கின் தோல் எதையும் உள்ளே விடும் தோல். ஏற்கெனவே அரிபட்ட செவுள். அதன்மேல் உப்பு. குளியலுக்குப் போன ஆக்சலாட்டல் துடித்து நீந்துவதைப் பார்த்தவர்களுக்கு அது சிகிச்சையா தண்டனையா என்ற சந்தேகம் வரும். சில சமயம் வேண்டியிருக்கும், மறுக்கவில்லை. எடுத்த எடுப்பில் அதற்குப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

அதைவிடச் சாதுவான வழிகளும் உண்டு. கடுங்கறுப்புத் தேயிலையின் டானின், பாதாம் இலை என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் நாட்டு வாதுமையின் காய்ந்த இலை, இரண்டும் பூஞ்சையைச் சற்றே அடக்கும், தோலை உறுத்தாது. பால், சர்க்கரை, வாசனை எதுவும் கலக்காத தேயிலையாக இருக்க வேண்டும் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இதற்கு அடுத்த படி மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம். பூஞ்சைக்கு நல்ல மருந்து. டப்பாவில் மட்டும், சொன்ன அளவில் மட்டும். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும், அம்மோனியா திரும்ப ஏறும், பூஞ்சைக்குச் செய்த வைத்தியமே அடுத்த நோயைக் கூட்டிவரும். கையும் தரையும் நீலமாவது கூடுதல் பரிசு.

நான் முத்துவுக்கு முதலில் தண்ணீரும் குளிர்ச்சியும் மட்டும் கொடுத்தேன். வால் நுனி கொஞ்சம் நிமிர்ந்தது. பஞ்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நிலையில் மருத்துவரைத் தேடினேன்.

ஆக்சலாட்டல் பார்க்கும் மருத்துவர் எளிதில் அகப்பட மாட்டார். நாய், பூனை பார்ப்பவர்கள் பலர் நேர்மையாகவே கைவிரித்துவிடுவார்கள். ஊர்வன, பறவைகள் பார்ப்பவரிடம் வாய்ப்பு அதிகம். எனக்குக் கிடைத்தவர் போனிலேயே, “தண்ணி அளவெல்லாம் எழுதி எடுத்துட்டு வாங்க, தொட்டித் தண்ணியும் ஒரு பாட்டில்ல கொண்டாங்க” என்றார். சரியான ஆள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நுனியிலிருந்து துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். இழை இழையாக அதுதான். எடை போட்டார். கால்களின் உட்புறத்தையும் வயிற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே சிவப்பு படர்ந்திருந்தால் ரத்தத்தில் பாக்டீரியா பரவியிருக்கும் சாத்தியம் உண்டு. ஏரோமோனாஸ் போன்றவை செய்யும் வேலை அது. அப்படியென்றால் ஒரு நாளைக்கூட வீணடிக்கக் கூடாது, ஆன்டிபயாடிக் ஊசிதான். முத்துவுக்குச் சிவப்பு இல்லை. “அப்ப ஊசி வேண்டாம். மெத்திலீன் புளூ குடுக்கறேன், அளவு எழுதித் தர்றேன். நீங்களா எதையும் சேத்துக்காதீங்க.”

அந்தக் கடைசி வரி எல்லா ஆக்சலாட்டல் வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டியது. மீன் மருந்துப் புட்டிகளில் மாலகைட் கிரீன், ஃபார்மலின், செம்பு என்று பலவும் கலந்திருக்கும். மீன் தாங்கும் அளவை இந்தத் தோல் தாங்காது. புட்டியில் மீனுக்குப் பாதுகாப்பானது என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஊற்றியவர்களின் படங்களும் எனக்கு வந்திருக்கின்றன. அவற்றில் கேள்வி இருக்காது.

மருத்துவர் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். நண்பரின் தொட்டியில் அடியில் அழகுக்குப் பரப்பியிருந்த சின்னக் கூழாங்கற்கள்தான் காரணம். ஆக்சலாட்டல் கடித்துத் தின்னாது. வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு உறிஞ்சும், பக்கத்தில் கிடப்பதும் சேர்ந்து உள்ளே போகும். விழுங்கிய கல் வெளியே வராவிட்டால் குடல் அடைக்கும், தீனி நிற்கும், வயிறு உப்பும். படத்தில் முத்துவின் வயிற்றில் சில கற்கள் பளிச்சென்று தெரிந்தன. அறுவை வேண்டியதில்லை, போய்விடும் அளவுதான் என்றார். போயின, டப்பாவின் அடியில் டொக்கென்று கிடந்தன. அடியில் ஒன்றும் போடாமல் விடலாம், அல்லது வளர்ந்த விலங்குக்கு மிக நைசான மணல் போடலாம். வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய கல்லும் சரிதான். நடுத்தரமான கல்தான் எமன்.

மிதப்பதைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். கொஞ்ச நேரம் மேலே மிதந்துவிட்டுத் தானே இறங்கினால் அது விளையாட்டு. இறங்க முயன்றும் முடியாமல் பின்பக்கம் தூக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே காற்றோ மலச்சிக்கலோ இருக்கலாம். தண்ணீர் மட்டத்தைக் குறைத்துக் கால் தரையில் படும்படி வைத்தால் களைப்பாவது மிச்சம். உடம்பே பலூன்போல் ஊதி நீர் கோத்திருந்தால் அது வேறு, மருத்துவரிடம் ஓடுங்கள்.

இத்தனை நாளும் முத்து தின்னவில்லை. இதுதான் எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாதது. சதைப்பற்றுள்ள வளர்ந்த ஆக்சலாட்டல் இரண்டு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது, குளிர்ந்த நீரில் அதற்கு மேலும் தாங்கும் என்று தெரியும். வயிறு தலை அகலத்துக்கு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு கணக்கு; முத்துவின் வயிறு தலையைவிடச் சற்றே ஒடுங்கியிருந்தது. வாயைத் திறந்து திணிக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. மெல்லிய தாடை, தெரியாத கை. நான் தொடவில்லை. தினமும் ஒரு சின்ன மண்புழுத் துண்டைக் காட்டுவேன், திரும்பிக்கொண்டால் எடுத்துவிடுவேன். தின்னாத தீனியை டப்பாவில் விட்டுவைத்தால் அதுவே அழுகி அம்மோனியா. ஒரு நாள் காலையில் துண்டு சட்டென்று மறைந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன், யாரும் பாராட்டவில்லை.

மருந்து முடிந்தபோது பஞ்சு போய், மொட்டைத் தண்டுகள் மிச்சமிருந்தன. இங்கேதான் இந்த விலங்கின் பெயர்பெற்ற திறமை கைகொடுத்தது. கால், வால், தாடை, தண்டுவடம், இதயத்தின் ஒரு பகுதி, மூளையின் சில பகுதிகள் வரை திரும்ப வளர்த்துக்கொள்ளும் பிராணிக்குச் செவுள் இழை பெரிய விஷயமில்லை. 1864இல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோன சில ஆக்சலாட்டல்களில் தொடங்கி, நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக ஆய்வகங்கள் இதை விடாமல் வளர்ப்பதற்கு இந்தத் திறமையும் ஒரு காரணம். 2018இல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள்: 3,200 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு. இயற்கையிலோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. சோச்சிமில்கோவில் அதை வதைத்ததும் கெட்ட தண்ணீர்தான், கூடவே கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும்.

மறுவளர்ச்சியைக் கேட்டுவிட்டு ‘அதான் முளைச்சுடுமே’ என்று மெத்தனமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். சுத்தமான காயம் முளைக்கும். பூஞ்சை பிடித்த காயம் முதலில் அழுகும். மறுபடி வளர்வதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், தெம்புக்குத் தீனி வேண்டும், தீனி இறங்க நல்ல தண்ணீர் வேண்டும். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

தேறாத நிலையும் வரும், அதை மறைத்து எழுதுவது சரியில்லை. அப்போது உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், தூங்கியபடியே போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். உடம்பில் பனித்துகள் படியப்படியச் சாவது தூக்கம் இல்லை. மருத்துவர் மயக்க மருந்தை அதிக அளவில் கொடுத்து வலியில்லாமல் அனுப்புவார். அந்த ஒரு காரியத்துக்காகவாவது மருத்துவரின் எண்ணை முன்கூட்டியே தேடி வைத்திருக்க வேண்டும்.

முத்து டப்பாவில் இருந்த காலத்தில் தொட்டியைக் கல் எல்லாம் அள்ளிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். விலங்கு இல்லாமல், வெறும் தொட்டியில் அளந்து அம்மோனியா விட்டு, ஃபில்டரில் பாக்டீரியாவை வளர்ப்பது. டேங்க் சைக்கிள் ஆவது என்பார்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். நாலு முதல் எட்டு வாரம் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. விட்ட அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போய் நைட்ரைட்டும் பூஜ்யமானால்தான் தயார். அந்த ஃபில்டர் பஞ்சைக் கழுவுவதாக இருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் கழுவ வேண்டும். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும், பழையபடி முதலிலிருந்து. வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். சுத்தமாக வைத்திருக்கிறேன் பேர்வழி என்று அன்போடு கழுவிக்கொடுத்த ஃபில்டரால் போன ஆக்சலாட்டல்கள் உண்டு.

புதுத் தொட்டியில் விட்ட அன்று முத்து கண்ணாடி ஓரமாகவே அலைந்தாள். செவுள் பின்னால் தளர்ந்து கிடந்தது. ஐந்து தண்டுகளில் இழை அடர்ந்துவிட்டது, இடது பக்க நடுத்தண்டு மட்டும் இன்னும் குட்டை. மறுநாள் இரண்டு மண்புழு தின்றாள். மூன்றாவதைப் பாதி விழுங்கித் துப்பிவிட்டாள். அது அவள் வழக்கம்தான் என்று நண்பரின் மகள் போனில் சொன்னாள்.